ஹாக்கின்டாஷில் திரை கருப்பா? டிரைவரைத் தேடாதீர்கள்

ஆப்பிள் தயாரிக்காத கணினியில் மேக் ஓஎஸ் போட்டு ஓட்டுவதுதான் ஹாக்கின்டாஷ். அதில் திரை கருப்பானால், விண்டோஸ் பழக்கத்தில் முதலில் கை போவது டிரைவர் டவுன்லோடுக்குத்தான். மேக் ஓஎஸ்ஸில் ஏஎம்டி கிராபிக்ஸ் கார்டின் டிரைவர் சிஸ்டத்தோடு சேர்ந்தே வருகிறது. தனியாக இறக்க எதுவும் இல்லை. உங்கள் கார்டு ஆப்பிள் பட்டியலில் இருக்கிறதா, இருந்தும் அதை எது தடுக்கிறது? கேள்வி இவ்வளவுதான்.

பட்டியல் முதலில். என்விடியாவில் ஜிடிஎக்ஸ் 960, 1060 போன்ற மாக்ஸ்வெல், பாஸ்கல் கார்டுகளின் வெப் டிரைவர் (என்விடியா தனியாகத் தந்தது) மேக் ஓஎஸ் ஹை சியரா 10.13-ஓடு நின்றுபோனது. ஆர்டிஎக்ஸ் வரிசைக்கு வந்ததே இல்லை. ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 570, 580 சிக்கலில்லாமல் ஓடும். 5700-க்குக் குறைந்தது கேட்டலினா 10.15.1, 6800, 6900-க்கு பிக் சர் 11.4, 6600-க்கு மான்டரே 12.1 வேண்டும். பலர் ஏமாறுவது 6700 எக்ஸ்டியில். 6600-உம் ஓடுகிறது, 6800-உம் ஓடுகிறது, நடுவில் இருப்பது மட்டும் ஓடாதா என்று வாங்கிவிடுகிறார்கள். அதிலுள்ள நவி 22 சிப்பை ஆப்பிள் எந்த மேக்கிலும் வைக்கவில்லை, அதனால் டிரைவரும் இல்லை. நூட்ஆர்எக்ஸ் என்ற கெக்ஸ்ட் (மேக் ஓஎஸ் கெர்னலில் சேரும் துணை நிரல்) போட்டு ஓட்டலாம். ஆனால் அது இருக்கும்போது வழக்கமான கிராபிக்ஸ் கெக்ஸ்டான வாட்எவர்கிரீனை எடுத்துவிட வேண்டும், இரண்டும் சேர்ந்து வராது. 7000 வரிசையை மறந்துவிடுங்கள்.

பிராசஸரையும் பாருங்கள். வென்ச்சுராவிலிருந்து ஏஎம்டி டிரைவர்களுக்கு ஏவிஎக்ஸ்2 (பிராசஸரில் இருக்க வேண்டிய ஒரு கட்டளைத் தொகுப்பு) கட்டாயம். ஐ7 3770-இல் அது கிடையாது. மான்டரேயில் ஒழுங்காக ஓடிய ஆர்எக்ஸ் 580 அப்டேட் செய்த மறுநாள் செத்ததுபோல் தெரிந்தால், கார்டின் மேல் குற்றமில்லை.

கார்டு சரி என்றால், எதையும் தொடுவதற்கு முன் இஎஃப்ஐ ஃபோல்டரை (மேக் ஓஎஸ்ஸைத் தொடங்கிவைக்கும் ஓபன்கோர் பூட்லோடரும் அதன் கான்ஃபிக் ஃபைலும் இருக்கும் இடம்) ஃபேட்32 பென்டிரைவில் காப்பி எடுங்கள். பிறகு கான்ஃபிகில் உள்ள பூட்-ஆர்க்ஸில் (பூட் ஆகும்போது சிஸ்டத்துக்குப் போகும் கட்டளைகள்) ‘-வி’ சேர்த்து பூட் செய்யுங்கள் (ஹைஃபன், அடுத்து ஆங்கில வி). எழுத்துகள் ஓடி, ‘ஜிஐஓ ஸ்கிரீன்லாக் ஸ்டேட்’ என்ற வரிக்குப் பிறகு மானிட்டர் ‘நோ சிக்னல்’ காட்டினால், அந்த வரியைப் பிழை என்று நினைத்துத் தேட வேண்டாம். திரையை உண்மையான கிராபிக்ஸ் டிரைவரிடம் ஒப்படைக்கும் நேரம் அது. ஒப்படைப்பில்தான் கோளாறு.

மதர்போர்டு பயாஸில் சிஎஸ்எம் (பழைய பாணி பூட்டுக்கான வசதி) அணைந்திருக்க வேண்டும். இந்த இடத்தில் தொங்குவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். ‘அபவ் 4ஜி டிகோடிங்’ ஆனில் இருக்கட்டும். அதே பயாஸில் ரீசைசபிள் பார் ஆனில் இருந்தால் ஓபன்கோர் கான்ஃபிகில், பூட்டர் குவிர்க்ஸில் ‘ரீசைஸ் ஆப்பிள் ஜிபியு பார்ஸ்’ மதிப்பு 0. ஆஃப் என்றால் -1.

அடுத்து கெக்ஸ்ட் வரிசை. கான்ஃபிகின் கெர்னல் பகுதியில் லிலு (மற்ற கெக்ஸ்ட்களுக்கு அடித்தளமான கெக்ஸ்ட்) மேலே, வாட்எவர்கிரீன் அதற்குக் கீழே. தலைகீழாக இருந்தால் வாட்எவர்கிரீன் வேலை செய்யாது.

5000, 6000 வரிசைக் கார்டு என்றால் பூட்-ஆர்க்ஸில் இன்னொன்று வேண்டும். ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல்: ஏ, ஜி, டி, பி, எம், ஓ, டி, சமக்குறி, பி, ஐ, கே, ஈ, ஆர், ஏ. ஐமேக், மேக் ப்ரோ என்று அடையாளம் காட்டும் கணினியின் போர்டு-ஐடியை (மாடலைக் குறிக்கும் அடையாளம்) ஆப்பிளின் கிராபிக்ஸ் பாலிசி சரிபார்த்து, ஒத்துவராத கார்டின் வெளியீட்டை அடைத்துவிடுகிறது. இந்த ஒரு சொல் அந்தச் சோதனையைத் தாண்ட வைக்கும். ஆர்எக்ஸ் 580-க்குத் தேவையில்லை.

எல்லாம் போட்டும் மாற்றமே இல்லையா? என்விராமில் (அணைத்தாலும் அழியாத மதர்போர்டு நினைவகம்) பழைய பூட்-ஆர்க்ஸ் உட்கார்ந்திருக்கும். கான்ஃபிகின் என்விராம் ‘டெலீட்’ பகுதியில் பூட்-ஆர்க்ஸ் இருக்கிறதா பாருங்கள். பிறகு ஓபன்கோர் மெனுவில் ஸ்பேஸ்பார் தட்டி ‘ரீசெட் என்விராம்’ கொடுங்கள். அது வராவிட்டால் ‘ரீசெட் என்விராம் என்ட்ரி’ ஃபைல் ஓபன்கோரின் டிரைவர் ஃபோல்டரில் இல்லை, அல்லது கான்ஃபிகில் சேர்க்கப்படவில்லை. மணிக்கணக்கில் கான்ஃபிகைத் திருத்துபவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இதைத்தான்.

உள்ளே போகவே முடியவில்லை என்றால் தற்காலிகமாக ‘-ராட்வேசா’ (ஹைஃபன், ஆர், ஏ, டி, வி, ஈ, எஸ், ஏ) சேருங்கள். வேகமிருக்காது, ஆனால் திரை வரும், திருத்திக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். மறந்துவிட்டு ‘ஸ்லோவாக இருக்கிறது’ என்று புலம்புபவர்களும் உண்டு.

திரை வந்தும் டாக்கில் கண்ணாடித் தன்மை இல்லை, ஜன்னலை இழுத்தால் திக்கித் திக்கி வருகிறது, ‘அபௌட் திஸ் மேக்’கில் 7 எம்பி என்கிறது: ஆக்சிலரேஷன் (கிராபிக்ஸ் சிப்பின் முழு வேகம்) கிடைக்கவில்லை. பிராசஸரோடு வரும் இன்டெல் யுஎச்டி 630 கிராபிக்ஸ் உள்ள டெஸ்க்டாப்பில் இது வந்தால் கான்ஃபிகில் ஐஜி-பிளாட்ஃபார்ம்-ஐடியை (இன்டெல் கிராபிக்ஸ் எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும் எண்) பாருங்கள். மானிட்டர் மதர்போர்டில் செருகியிருந்தால் 07009பி3ஈ. ஏஎம்டி கார்டில் செருகி, இன்டெலை வீடியோ வேலைக்கு மட்டும் விட்டால், 8, 9-ஆம் தலைமுறை பிராசஸரில் 0300913ஈ, 10-ஆம் தலைமுறையில் 0300சி89பி. பயாஸில் டிவிஎம்டி (இன்டெல் கிராபிக்ஸுக்கு ஒதுக்கும் நினைவகம்) 64 எம்பி.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய 570, 580 இவற்றுக்கெல்லாம் மசியாவிட்டால், கிரிப்டோ மைனிங்கில் ஓடிய கார்டாக இருக்கலாம். கார்டின் பயாஸையே மாற்றியிருப்பார்கள். போர்டு ஓரத்தில் சிறிய சுவிட்ச் இருந்தால், கணினியை அணைத்து மறுபக்கம் தள்ளிப் பாருங்கள். பல கார்டுகளில் மாற்றப்படாத இரண்டாவது பயாஸ் அங்கே இருக்கும்.