'உலகம் அழியப்போகுது' என்று பெரியப்பா ஃபார்வர்டு அனுப்பினால் என்ன செய்வது

ஜெனீவா பக்கத்தில் செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகத்தில் மறுபடி அந்தப் பெரிய மெஷினை ஓட்டப்போகிறார்களாம், கருந்துளை உண்டாகுமாம், பூமியே அதற்குள் போய்விடுமாம். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இது 2022 ஜூலையில் வந்தது, 2024 ஏப்ரலில் சூரிய கிரகணத்தோடு சேர்ந்து வந்தது, இனியும் வரும். அனுப்புகிறவர் நங்கநல்லூர் பெரியப்பா, ரயில்வேயில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக பதில் சொல்லும் வேலை என் தலையில். சொதப்பிச் சொதப்பிக் கற்றுக்கொண்டதை எழுதிவைக்கிறேன், உங்கள் வீட்டிலும் ஒரு பெரியப்பா இருப்பார்.

முதலில், குரூப்பில் பதில் போடாதீர்கள். பத்து பேர் பார்க்க ஒருவரைத் திருத்தினால் அவர் பயத்தை விட்டுவிட்டு மானத்தைக் காப்பாற்றத் தொடங்கிவிடுவார். போன் செய்யுங்கள், முடிந்தால் நேரில் போய் ஒரு காபியோடு உட்காருங்கள். சிரிக்கவும் வேண்டாம். 2008 செப்டம்பரில் எல்எச்சி (செர்னின் அந்த மெஷின்) தொடங்கியபோது டிவி சேனல்கள் அதை உலக முடிவு என்று ஓட்டின, அதைப் பார்த்து மனம் உடைந்து மத்தியப் பிரதேசத்தில் ஒரு மாணவி உயிரை விட்டதாகச் செய்தி வந்தது. அதற்குப் பிறகு எனக்கு இதில் ஜோக் அடிக்க வாய் வருவதில்லை.

அப்புறம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "உங்களுக்கு எது பயமா இருக்கு?" கருந்துளையா, கதிர்வீச்சா, வெடிவிபத்தா, இல்லை நம்ம ஊர் மலையைக் குடைவதா? எல்லாம் ஒரே ஃபார்வர்டில் கலந்து வரும், ஆனால் பதில் ஒவ்வொன்றுக்கும் வேறு. இதைக் கேட்காமல் நான் முதல் தடவை அரைமணி நேரம் ஹாக்கிங் கதிர்வீச்சு (கருந்துளை தானாக ஆவியாகும் என்ற ஸ்டீபன் ஹாக்கிங்கின் கணிப்பு) பற்றிப் பேசினேன், அவர் கவலைப்பட்டதெல்லாம் கல்பாக்கம் மாதிரி அங்கேயும் கதிர்வீச்சு கசியுமா என்று. அது அணு உலை இல்லை பெரியப்பா, துகள் முடுக்கி, அதாவது அணுவைவிடச் சின்ன துகள்களை மின்சாரத்தால் வேகமாக ஓடவைக்கும் மெஷின், கரண்டை நிறுத்தினால் மோதலும் அந்த நொடியே நின்றுவிடும் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஓடும்போது சுரங்கத்துக்குள் கதிர்வீச்சு உண்டு, அதனால்தான் அந்த நேரத்தில் உள்ளே ஆளை விடுவதில்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் ரேடியேஷன் கொடுக்கும் மெஷினும் சின்ன முடுக்கிதான். அவர் வீட்டில் முன்பு இருந்த டப்பா டிவிகூட ஒரு வகையில் அதே ஜாதி.

சரி, பயம் கருந்துளைதான் என்றால் கணக்கில் இறங்குங்கள். 27 கிலோமீட்டர் வளையத்தில் இரண்டு புரோட்டான்கள் 13.6 டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் மோதுகின்றன. பறக்கும் கொசுவின் ஆற்றல் சுமார் ஒரு டெரா எலக்ட்ரான் வோல்ட், ஆக இது ஒரு டஜன் கொசு. சென்னைக்காரருக்கு இது சட்டென்று புரியும். ஆனால் அங்கேயே நிறுத்தினால் ஏமாற்று வேலை, ஏனென்றால் அவ்வளவும் கொசுவைவிட லட்சம் கோடி மடங்கு சின்ன இடத்தில் அடைபடுகிறது, விஷயமே அதுதான். எனவே கொசுவை விட்டுவிட்டு காஸ்மிக் கதிருக்கு, அதாவது விண்வெளியிலிருந்து பூமி மேல் விழும் அதிவேகத் துகள்களுக்குப் போங்கள். 1991ல் அமெரிக்காவின் யூட்டாவில் பதிவான ஒரே ஒரு துகளின் ஆற்றல் சுமார் 50 ஜூல். சேப்பாக்கத்தில் ஸ்பின்னர் மணிக்கு 90 கிலோமீட்டரில் வீசும் முழுப் பந்தின் ஆற்றல் அது, ஒரு அணுவைவிடச் சின்ன துகளுக்குள். அந்த அளவு அபூர்வம்தான், ஆனால் எல்எச்சி மோதலுக்குச் சமமானவை விழுந்துகொண்டேதான் இருக்கின்றன. பூமி பிறந்ததிலிருந்து வானமே இங்கே நடத்தி முடித்தது ஒரு லட்சம் எல்எச்சி சோதனைகளுக்குக் குறையாது என்று செர்னின் பாதுகாப்பு ஆய்வுக் குழு 2008ல் கணக்குப் போட்டது.

இங்கேதான் பெரியப்பா என்னை மடக்கினார். "அது சரிடா, மேலேர்ந்து வர்றது வேகமா ஊடுருவிப் போயிடும். இங்க ரெண்டு பக்கத்துலேர்ந்தும் மோதுறான், உண்டாகிறது அங்கேயே நின்னுட்டா?" ரயில் மோதல் கணக்குப் பார்த்த மனிதர், நேருக்கு நேர் மோதினால் வேகம் கழிந்துவிடும் என்று அவருக்குத் தெரியாதா? உண்மையிலேயே நல்ல கேள்வி. இதே கேள்வியைத்தான் 2008ல் கிடிங்ஸ், மங்கானோ என்ற இரண்டு இயற்பியலாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஹாக்கிங் சொன்னது சரியென்றால் அவ்வளவு சின்ன கருந்துளை உண்டான கணமே ஆவியாகிவிடும். அவர் சொன்னது தப்பு என்றே வைத்துக்கொள்வோம், கருந்துளை சாகாது, மின்னூட்டமும் இல்லை, பூமியைத் துளைத்துக்கொண்டு போய்விடும். ஆனால் நியூட்ரான் நட்சத்திரமும் வெள்ளைக் குள்ளனும் (எரிந்து முடிந்த நட்சத்திரங்களின் இறுகிப்போன மிச்சங்கள்) அப்படி விடாது, அவ்வளவு அடர்த்தி, எவ்வளவு வேகமாக வந்தாலும் உள்ளே சிக்கிவிடும். காஸ்மிக் கதிர் அவற்றின் மேலும் விழுகிறது. ஆபத்தான கருந்துளை உண்டாகும் என்றால் அந்த நட்சத்திரங்கள் எப்போதோ கரைந்திருக்க வேண்டும், பல கோடி ஆண்டு வயதோடு அவை இன்னும் வானில் இருக்கின்றன. பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நூறு சதவீதம் உறுதியா?" என்று கடைசியில் கேட்பார்கள். இயற்பியல் படித்தவன் உடனே "கிட்டத்தட்ட" என்று சொல்லிவிடுவான், அது காதில் 'வாய்ப்பு இருக்கு' என்று விழும். சதவீதம் பேசாதீர்கள், மேலே சொன்ன நட்சத்திரத்துக்கே திரும்பிப் போங்கள்.

விபத்து நடந்ததே என்பார்கள். நடந்தது, மறைக்க வேண்டாம். தொடங்கி ஒன்பதே நாளில், 2008 செப்டம்பர் 19 அன்று, புரோட்டான்களை வளையத்தில் செலுத்தும் காந்தங்களில் இரண்டுக்கு நடுவே ஒரு மின் இணைப்பு கெட்டு, அவற்றைக் குளிர்விக்கும் ஹீலியம் சுமார் ஆறு டன் சுரங்கத்துக்குள் பீறிட்டது. 53 காந்தங்களைப் பழுதுபார்க்க வேண்டி வந்தது, ஒரு வருடத்துக்கு மேல் மெஷின் ஓடவில்லை. ஜாயின்ட் சரியில்லாததால் வந்த வினை, புரோட்டான் மோதல் அப்போது தொடங்கியிருக்கவே இல்லை.

அங்கே சிவன் சிலை வைத்து ஏதோ பூஜை செய்கிறார்கள் என்ற வீடியோவுக்கு அதிக நேரம் தேவையில்லை. அது 2004ல் இந்திய அரசு பரிசாகக் கொடுத்த நடராஜர். அதன் முன்னால் நரபலி கொடுப்பதுபோல் சுற்றும் வீடியோ 2016ல் யாரோ வளாகத்துக்குள் விளையாட்டாக எடுத்தது. என் அத்தைக்கு நடராஜரே காவலுக்கு நிற்கிறார் என்றதும் பயம் போய்விட்டது, நான் குறுக்கே பேசவில்லை.

தேனி விஷயத்துக்கு மட்டும் இந்தப் பதில்கள் எதுவும் ஆகாது. எங்கள் தெருவில் இஸ்திரி போடும் அண்ணனுக்குப் போடி பக்கம் ஊர். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலைக்கு அடியில் வரவிருந்த நியூட்ரினோ (எதையும் தொடாமல் ஊடுருவிப் போகும் மிகச் சின்ன துகள்) ஆய்வகம் பற்றிக் கேட்டார். நான் ஆரம்பித்தேன்: சூரியனிலிருந்து மட்டும் நம் நகக்கண் அளவு இடத்தில் நொடிக்கு 6,500 கோடி நியூட்ரினோ போகிறது அண்ணே, ஒன்றும் செய்யாது, அங்கே அதை உண்டாக்கவில்லை, 50,000 டன் இரும்பை வைத்துப் பிடித்துப் பார்க்கத்தான் போகிறார்கள், 1965லேயே கோலார் தங்கச் சுரங்கத்தில் பிடித்தார்கள். அவர் சட்டையை மடித்துக்கொண்டே, "அதெல்லாம் சரி தம்பி, மலையில வெடி வெச்சா ஊத்துத் தண்ணி என்னாகும்?" என்றார்.

அது துகள் இயற்பியல் கேள்வியே இல்லை. இரண்டு கிலோமீட்டர் சுரங்கம், மேற்குத்தொடர்ச்சி மலை, பக்கத்தில் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா. இவற்றுக்கு நியூட்ரினோ எண்ணிக்கையைப் பதிலாகச் சொல்வது கேட்டவரை முட்டாளாக்குவது. விஞ்ஞானிகள் பக்கம் நிற்கிற நம்மில் பலர் செய்த தப்பு இதுதான் என்று நினைக்கிறேன், கருந்துளைப் பயத்தையும் தண்ணீர்ப் பயத்தையும் ஒரே மூட்டையில் கட்டி 'அறியாமை' என்று எழுதிவிட்டோம். 2017ல் சென்னையில் இருக்கும் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்ததும், 2022ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்ததும் காடு, மலை, தண்ணீர் பற்றித்தான். இப்படிக் கேட்டால் வழக்கு விவரத்தைச் சொல்லுங்கள், நிலத்தடி நீர் தெரிந்தவரைக் கேட்கச் சொல்லுங்கள், பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள்.

பயந்திருப்பது குழந்தை என்றால் கணக்கெல்லாம் வேண்டாம். ராத்திரி போனை வாங்கி வைத்துவிட்டு மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் நிலாவைக் காட்டுங்கள். அங்கே காற்று மண்டலமும் இல்லை, 450 கோடி வருடமாக நேராக அதன் தரையில் காஸ்மிக் கதிர் அடிக்கிறது, இருக்கிறதா பார் என்று சொல்லுங்கள். அப்புறம் கையை நீட்டச் சொல்லி நொடிக்கு ஒன்று என்று எண்ணச் சொல்லுங்கள். சின்ன உள்ளங்கை வழியாக மியூவான், அதாவது காஸ்மிக் கதிர் காற்றில் மோதி உண்டாகும் துகள், ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் போகிறது. என் அக்கா மகள் நாற்பது வரை எண்ணிவிட்டு, கொசு கடிக்குது மாமா, கீழ போலாம் என்றாள்.