சென்னையில் நாங்களும் வெளிநாட்டுக்காரர்தான்: யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து போய்வருகிறவளின் குறிப்புகள்

2018இல் முதல் தடவை சென்னைக்குப் போனபோது, இரவு பதினொன்றரைக்கு இரண்டு பெட்டியோடு திருவல்லிக்கேணியில் நடுத்தெருவில் நின்றேன். போனில் அறை பேசி வைத்திருந்த லாட்ஜ்தான். வரவேற்பில் இருந்த தம்பி நன்றாகத்தான் பேசினார். பாஸ்போட்டை நீட்டியதும் முகம் மாறிவிட்டது. "ஃபாரினருக்கு ரூம் குடுக்கறதில்லைங்க்கா." நான் தமிழ்தானே தம்பி கதைக்கிறேன் என்றேன். "தமிழ்தான்க்கா. பாஸ்போர்ட் சிலோனா இருக்கே" என்றார்.

அவர் மேல் பிழை இல்லை என்று பிறகுதான் விளங்கியது. வெளிநாட்டுக்காரர் யார் தங்கினாலும் 24 மணித்தியாலத்துக்குள் அந்த விபரத்தைக் குடிவரவு அலுவலகத்துக்கு இணையத்தில் பதிந்து அனுப்ப வேண்டியது இடம் கொடுத்தவரின் கடமை. அந்தப் படிவத்தைத்தான் சி ஃபார்ம் என்பார்கள். சின்ன லாட்ஜ்கள் பல அதை அனுப்புவதற்கான பதிவே எடுத்து வைப்பதில்லை. ஆகவே 'ரூம் இல்லை' என்பதோடு கதை முடிந்துவிடும். அறை பேசும்போதே "ஃபாரினர் எடுப்பீங்களா, சி ஃபார்ம் போடுவீங்களா?" என்று இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். சொந்தக்காரர் வீட்டில் நின்றாலும் இதே விதிதான். வளசரவாக்கத்தில் மாமி வீடு இருக்கிறது, எனக்கென்ன என்று இருக்க வேண்டாம். மாமி உங்களைப் பதிய வேண்டும். பதிந்த தாளில் ஒரு பிரதி உங்கள் கையிலும் இருக்கட்டும்.

அன்றைக்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் போய்வருகிறேன். அக்கா கனடாவில் இருந்து வருவாள், நான் இங்கிருந்து போவேன். சந்திக்கிற இடம் சென்னை. அங்கே எங்களுக்கு வருகிற தொல்லை டெல்லிக்குப் போகிற வெள்ளைக்காரனுக்கு வருகிற தொல்லை இல்லை. பாஷை ஒன்று என்பதால் வெளிநாடு வந்திருக்கிறோம் என்பதே மறந்துவிடுகிறது. லாட்ஜிலும் சிம் கடையிலும் ரயில் நிலையத்திலும்தான் அது நினைவுக்கு வரும்.

முதலில் விசா. சுற்றுலாவுக்கு இ-விசா போதும். 30 நாள், ஒரு வருஷம், ஐந்து வருஷம் என்று மூன்று வகை உண்டு. இந்திய அரசின் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள், முகவரி 'கவ் டொட் இன்' என்று முடியும். அதே சாயலில் காசு பிடுங்குகிற தளங்கள் நிறைய. எங்கள் ஆட்கள் சறுக்குகிற இடம் பெயர்தான். தகப்பன் பெயர் முன்னுக்கு, சொந்தப் பெயர் பின்னுக்கு என்று எழுதிப் பழகிவிட்டோம். படிவத்தில் உங்கள் வழக்கத்தைப் பார்க்காமல் பாஸ்போட்டில் எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். அம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன் செய்யவென்று போகிறவர்கள் சுற்றுலா விசாவில் போக வேண்டாம். நோயாளிக்கு மருத்துவ விசாவும் கூடப் போகிறவருக்குத் தனி விசாவும் இருக்கின்றன.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இருந்து ஏறினால் ஒன்றேகால் மணித்தியாலம் அளவில் சென்னை. கோவிடோடு நின்ற சேவை 2022 டிசெம்பரில் திரும்பத் தொடங்கியது. அதற்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் இருந்து கட்டுநாயக்காவுக்கு இராப் பயணம் போய்ப் பிறகு விமானம் ஏறின களைப்பை நினைத்தால் இது சொர்க்கம். 2023இல் தொடங்கிய காங்கேசன்துறை - நாகபட்டினம் கப்பலும் இருக்கிறது, கடலில் நாலு மணித்தியாலம் அளவில். ஆனால் இ-விசாவோடு எல்லா வாசலாலும் உள்ளே போக முடியாது. கப்பல் டிக்கெட் எடுக்க முதல் அந்தத் துறைமுகம் உங்கள் விசாவுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்.

காசை டொலராகக் கொண்டுபோங்கள். எங்கள் ரூபாயை அங்கே மாற்றித் தருகிற கடையைத் தேடி அலைய நேரும். அலுமாரிக்குள் பழைய இந்திய 2000 ரூபாய்த் தாள் கிடந்தால் அதை நம்பிப் போகாதீர்கள். 2023இல் அதைப் புழக்கத்தில் இருந்து எடுத்துவிட்டார்கள். இளநீர்க்காரர் வரைக்கும் எல்லாரிடமும் போனில் காட்டிக் காசு கட்டுகிற சதுரக் கட்டம் தொங்குகிறது. இந்திய வங்கிக் கணக்கு இல்லாத எங்களுக்கு அது சுலபத்தில் அமையாது. ஐந்நூறு ரூபாயை நீட்டினால் "சில்லறை இல்லீங்க, ஜிபே பண்ணுங்க" என்பார்கள். காசு மாற்றுகிற இடத்திலேயே ஒரு கட்டு பத்து, இருபது ரூபாய்த் தாள் கேட்டு வாங்கி, கைப்பையில் தனியாக வையுங்கள்.

சிம்முக்குப் பாஸ்போட், விசா இரண்டின் பிரதியும் ஒரு படமும் கேட்பார்கள். பிரதி எடுக்க 'பொட்டோக்கொப்பி எங்கே எடுக்கலாம்' என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். அங்கே அதற்குப் பெயர் ஜெராக்ஸ். எங்கள் வங்கி அனுப்புகிற இரகசிய இலக்கம் இலங்கை நம்பருக்குத்தான் வரும் என்பதால் பழைய சிம்மைக் கழற்றி எறிந்துவிடாமல் ரோமிங் போட்டு வையுங்கள். கொழும்பில் பாவிக்கிற ஊபர் அங்கேயும் வேலை செய்யும். ஏறியதும் ஓட்டுநர் போனில் இருக்கிற நாலு இலக்கத்தைக் கேட்பார், பயப்படாமல் சொல்லலாம். தெருவில் கை காட்டி மறிக்கிற ஓட்டோ என்றால் ஏற முதல் விலையைப் பேசுங்கள். மீட்டர் இருக்கும், ஓடாது. இன்னொன்று, எங்கள் சார்ஜரின் சதுரப் பின் அங்கத்தைய வட்டத் துளைக்குள் போகாது. ஒரு அடப்டரை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

பாஷைக்கு வருவோம். நாங்கள் கதைப்பது அவர்களுக்கு முதலில் மலையாளமாகக் கேட்கிறது. "கேரளாவா மேடம்?" என்று கேட்காத ஓட்டோக்காரரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அது பகிடி, விடுங்கள். ஒரே சொல்லுக்கு இரண்டு ஊரிலும் வேறு பொருள் இருக்கும்போதுதான் சிக்கல். ஒரு நாள் மழைக்குள் ஓட்டோவில் போகையில் ஓட்டுநர் வளைத்து வளைத்து ஓட்ட, "தம்பி, ஆறுதலாப் போங்கோ" என்றேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "என்னம்மா, துக்க வீட்டுக்கா போறீங்க?" என்றார். எங்களுக்கு ஆறுதலாக என்றால் மெதுவாக. அவர்களுக்கு அது செத்த வீட்டில் சொல்வது.

சாப்பாட்டுக் கடையிலும் அப்படித்தான். "மரக்கறிச் சாப்பாடு இருக்கோ?" என்று கேட்டேன். பரிமாறுகிறவர் கொஞ்சம் கோபமாகவே, "கறியெல்லாம் கிடையாது, இது சுத்த சைவம்" என்றார். அங்கே கறி என்றால் இறைச்சி. மரக்கறி என்ற சொல்லே காதில் விழவில்லை, கறி மட்டும் விழுந்திருக்கிறது. காய்கறி என்றோ வெஜ் என்றோ கேளுங்கள். மாம்பலத்தில் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டு "வாற கிழமை வந்து எடுக்கிறன்" என்றேன். "எந்தக் கிழமைங்க, செவ்வாயா புதனா?" என்று பேனாவோடு காத்திருந்தார் தையல்காரர். நானும் தையல்காரிதான், ஊரில் என் வாடிக்கையாளர் யாரும் இப்படிக் கேட்டதில்லை. எங்கள் கிழமை அவர்களுக்கு வாரம். பாமசியில் குளிசை என்றால் விழிப்பார்கள், மாத்திரை என்றால் எடுத்துத் தருவார்கள். கச்சான் அங்கே கடலை. எங்கள் கடலை கொண்டைக்கடலை. ஒழுங்கைக்குச் சந்து, சவர்க்காரத்துக்குச் சோப்பு. அவர்கள் மாதிரிப் பேச முயற்சிக்க வேண்டியதில்லை, அது நாடகத் தமிழாகிவிடும். இந்தச் சில சொல்லை மாற்றினால் போதும்.

சிலோன் என்று தெரிந்ததும் விலையைக் குறைக்கிறவரும் உண்டு, அரை மணித்தியாலம் சண்டைக் காலத்தைப் பற்றி விசாரிக்கிறவரும் உண்டு. அன்பாகத்தான் கேட்பார்கள். விசாவில் வந்த நாங்கள் அங்கத்தைய கட்சி அரசியலுக்குள் வாயைக் கொடுக்காமல் தேநீரைக் குடித்துவிட்டு எழும்புவது நல்லது.

ஊர் பார்க்கப் போனால் பாஸ்போட் காசு மிச்சம் பிடித்துத் தருகிற ஒரு இடமும் இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் இடங்களில் வெளிநாட்டுக்காரருக்குத் தனிக் கட்டணம் என்றாலும், இலங்கையும் சேர்ந்த சார்க் அமைப்பு நாட்டவருக்கு இந்தியர் கட்டணம்தான். மாமல்லபுரத்தில் நான் போனபோது பலகையில் இந்தியருக்கு 40, வெளிநாட்டவருக்கு 600 என்று இருந்தது. கனடாப் பாஸ்போட் வைத்திருக்கிற அக்கா 600 கட்டினாள், நான் 40 கட்டினேன். அன்று முழுக்க அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்! பாஸ்போட்டைக் காட்டினால்தான் இது கிடைக்கும். திருவான்மியூரில் பஸ் எடுத்து, வெயில் ஏற முதல் போய்ச் சேருங்கள். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் ஒரே டிக்கெட். அருச்சுனன் தபசு தெருவோரத்திலேயே இருக்கிறது, அதற்குக் காசில்லை. அந்தப் பாறையில் கண்ணை மூடித் தவம் செய்கிற பூனையையும் காலடியில் நிற்கிற எலிகளையும் தேடிப் பாருங்கள்.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை போகாதீர்கள், பூட்டு. மற்ற நாளில் நேரே வெண்கலக் கூடத்துக்குப் போங்கள். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் நான் இருபது நிமிஷம் நின்றிருக்கிறேன். பக்கத்திலேயே 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம். எங்கள் யாழ்ப்பாண நூலகத்துக்கு வரைபடம் போட்ட நரசிம்மன் சென்னைக்காரர் என்பது அந்தப் படியில் நிற்கையில் நினைவுக்கு வரும்.

மெரினாவில் சுண்டல் சாப்பிடுங்கள், குளிக்காதீர்கள். காரைநகர் கசூரினாவில் கன தூரம் நடந்தும் இடுப்பளவு தண்ணீரில் நின்ற பழக்கத்தில் அங்கே இறங்கினால் அலை காலை வாரிவிடும். கோயில்களில் ஆண்கள் பலர் சட்டையோடு நிற்பதைப் பார்த்து எங்கள் நல்லூர்ப் பழக்கம் ஒரு கணம் திடுக்கிடும். அர்ச்சனைக்கு எவ்வளவு என்று கேட்டாலும் அப்படித்தான், நல்லூரின் ஒரு ரூபாயை நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

சிதம்பரம், திருச்சி என்று தெற்கே போகிறவர்களுக்கு ஒன்று: அந்தப் பஸ்களில் பெரும்பாலானவை இப்போது கோயம்பேட்டில் இருந்து அல்ல, வண்டலூர் பக்கம் கிளாம்பாக்கத்தில் இருந்து புறப்படுகின்றன. 2023 கடைசியில் திறந்த நிலையம். நகரத்துக்குள் இருந்து அங்கே போய்ச் சேரவே ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். பழைய ஞாபகத்தில் கோயம்பேட்டுக்குப் போய் நின்ற என் மச்சாளும் நானும் அன்று சிதம்பரத்தில் சாயங்கால பூசையைத் தவறவிட்டோம்.

திரும்பி வரும்போது நிறை. பலாலிக்கு வருவது சின்ன விமானம், மேல் தட்டில் பெரிய பை நுழையாது. டிக்கெட்டில் எத்தனை கிலோ என்று பார்த்துவிட்டுத்தான் கடைகள் நிறைந்த ரங்கநாதன் தெருவுக்குள் சாமான் வாங்க இறங்குங்கள். போன முறை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் தராசு நாலு கிலோ கூடக் காட்டியது. பெட்டியைத் திறந்து, இரண்டு சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு, முறுக்குப் பொதியை உடைத்து வரிசையில் நின்றவர்களுக்கும் கொடுத்தேன். அதிலும் ஒன்றரைக் கிலோதான் குறைந்தது.