ஆயில் மூடியில் வெள்ளைக் கசடு, குறைந்துகொண்டே போகும் ஆயில்: ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

டிசம்பர், ஜனவரி மாதங்களில் பெங்களூருவில் காரின் ஆயில் மூடியைத் திறந்து பார்ப்பவர்கள் பலர் திடுக்கிட்டுப் போகிறார்கள். மூடியின் உட்புறத்தில் பால் கலந்த காப்பியின் நிறத்தில் குழைவாக ஏதோ ஒட்டியிருக்கும். பணிமனையில் காட்டினால், "ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும்" என்ற பதில் வரக்கூடும். ஹெட் என்பது என்ஜினின் மேல்பகுதி; அதற்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையே இருக்கும் அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கெட். அல்சூரில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு அப்படித்தான் பெரிய தொகை சொன்னார்கள். கடைசியில் மாற்ற வேண்டியிருந்தது ஒரு சிறிய வால்வும் ஒரு ரப்பர் குழாயும்தான். மூடியை மட்டும் பார்த்து எந்த என்ஜினையும் பிரிக்கக் கூடாது. அதற்கு முன் வாசலிலேயே செய்துவிடக்கூடிய சோதனைகள் இருக்கின்றன. காரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் செய்யலாம்.

கசடு எப்படி உண்டாகிறது

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி நீராவியாகச் சைலன்சர் வழியே போய்விடும். சிறு பகுதி பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, ஆயில் இருக்கும் கீழ்ப்பகுதிக்கு இறங்குகிறது. என்ஜின் நன்றாகச் சூடானால் பிரீதர் என்ற காற்றோட்டக் குழாய் அந்த ஆவியை இழுத்து மறுபடியும் எரிய அனுப்பிவிடும். சூடாகாத என்ஜினில் அது மூடியிலும் என்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரிலும் துளியாகப் படிந்து, ஆயிலோடு சேர்ந்து குழம்பாகிவிடுகிறது.

இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. குளிர்கால விடியலில் வெப்பம் 15 டிகிரி அளவுக்கு இறங்கும். அந்த நேரத்தில் காரை எடுத்து, பிள்ளையைப் பள்ளியில் விட்டு, இரண்டு மூன்று கிலோமீட்டரில் வீடு திரும்பினால் ஆயில் சூடாகவே சூடாகாது. டாஷ்போர்டு முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று கேட்கலாம். அது என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் சூடு. ஆயில் சூடேற அதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

இது ஒரு வழி. இன்னொரு வழி ஆபத்தானது: ஹெட் கேஸ்கெட் கிழிந்தோ, ஹெட்டில் வெடிப்பு விழுந்தோ, ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகியோ கூலன்ட் ஆயிலுக்குள் இறங்குவது. அப்போது பேரிங்குகள் விரைவில் தேய்ந்துபோகும். இரண்டில் எது நடக்கிறது என்று பிரித்தறிவதுதான் வேலை.

முதல் படி: டிப்ஸ்டிக்

சமதளத்தில் காரை நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பத்து நிமிடமாவது விடுங்கள். ஆயில் அளவைக் காட்டும் குச்சியை (டிப்ஸ்டிக்) உருவித் துடைத்து, மறுபடியும் முழுவதும் செருகி எடுங்கள். மூடியில் கசடு இருந்தும் குச்சியில் உள்ள ஆயில் தெளிவாக, தேன் நிறத்திலோ கறுப்பாகவோ இருந்தால் பெரும்பாலும் ஈரப்பதம்தான் காரணம். குச்சியிலும் வெளுத்த குழம்பு வந்தால் நிலைமை வேறு. காரை இனி ஓட்டாதீர்கள்; மூன்றாம் படிக்குப் போங்கள்.

அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். பல சிறிய கார்களில் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர். ஆயில் ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் கூலன்டோ எரிபொருளோ கலந்திருக்கிறது என்று பொருள்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. குறுந்தூரம் மட்டுமே ஓடும் காரில் தண்ணீரும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் சேர்ந்துகொண்டே இருப்பதால், உண்மையில் குறையும் ஆயிலின் இடத்தை அவை நிரப்பிவிடுகின்றன. அளவு சரியாக இருப்பதுபோலத் தெரியும். பொங்கலுக்குச் சேலம் வரை போய் வந்தால் அவை ஆவியாகிப் போய், குச்சியில் அளவு திடீரென்று இறங்கியிருக்கும். நெடுஞ்சாலையில் ஓட்டியதால் என்ஜின் கெட்டுவிட்டது என்று வருந்துவார்கள். ஆயில் அதற்கு முன்பே குறைந்துவிட்டது. மறைந்திருந்தது வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

இரண்டாம் படி: பிரீதர்

அல்சூர் காரில் கோளாறு இருந்த இடம் இதுதான். பிரீதர் வழியைத் திறந்து மூடும் பிசிவி வால்வு அல்லது அதன் குழாய் அடைத்துக்கொண்டால் ஆவி வெளியேற வழியில்லை, கசடு சேரும். உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் வழியே கசியும். வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால் ஆயிலையே உறிஞ்சி எரித்துவிடும். கசடு, கசிவு, ஆயில் குறைவு ஆகிய மூன்றும் ஒரே சிறு பொருளால் வரலாம். இதை முதலில் பார்க்கச் சொல்லாத மெக்கானிக்கிடம் நான் காரை விடமாட்டேன்.

பெட்ரோல் காராக இருந்தால், கார் நின்றபடி, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றி, துளையின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை வையுங்கள். தாள் லேசாக உள்ளே இழுக்கப்பட்டால் நல்லது. தூக்கி எறியப்பட்டால் பிரீதர் அடைத்திருக்கிறது அல்லது ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. சட்டைக் கை, துப்பட்டா எதுவும் பெல்ட் அருகே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு என்ஜினை அணைத்து, ஆறிய பின் வால்வைக் கழற்றிக் குலுக்குங்கள். பழைய வகை வால்வு என்றால் கடகடவென்று சத்தம் வர வேண்டும். குழாய் வெடித்திருக்கிறதா, உள்ளே நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பல கார்களுக்கு இந்தப் பொருட்கள் ஜே.சி. சாலையின் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் அளவு மாறாது.

மூன்றாம் படி: கூலன்ட்

காலையில், என்ஜின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிக்கும் நீர் முகத்தில் பீய்ச்சும். கூலன்ட் தொட்டியின் அளவை மார்க்கரால் குறித்துவிட்டு ஒரு வாரம் கவனியுங்கள். வெளியே கசிவே இல்லாமல் அளவு இறங்கினாலோ, மேலே எண்ணெய்ப் படலமோ பழுப்புக் குழம்போ மிதந்தாலோ, என்ஜின் ஓடும்போது தொட்டியில் விடாமல் குமிழி எழுந்தாலோ ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். ஆயில் கூலர் உள்ள வண்டிகளில் அந்தக் கூலரும் இதே குழப்பத்தைச் செய்யும். அதைப் பார்க்காமல் ஹெட்டுக்குப் போக வேண்டாம்.

ஆழ்துளைக் கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். இந்த நகரின் பல பகுதிகளில் அந்த நீர் கடினமானது. உள்ளே உப்புப் படிந்து என்ஜின் சூடேறும், சூடேறிய ஹெட் வளையும். கையேடு சொல்லும் கூலன்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். சிந்திய கூலன்டை உடனே கழுவிவிடுங்கள். அது இனிக்கும், ஆனால் நஞ்சு. தெரு நாய்கள் நக்கிவிடும்.

நான்காம் படி: நீண்ட ஓட்டம்

குச்சியில் ஆயில் தெளிவாக இருந்து, கூலன்டும் குறையாமல் இருந்தால் மூடியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓசூர் வரை போய் வாருங்கள். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் நிற்பது இதற்கு உதவாது. சீரான வேகத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். திரும்பியதும் வெப்ப முள்ளையும், ஆறிய பின் கூலன்ட் அளவையும் பாருங்கள். அதன் பிறகு கசடு மெல்லப் படிந்தால் ஈரப்பதம்தான். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகும் உடனுக்குடன் கசடு வந்தால் கூலன்ட் எங்கே கசிகிறது என்றுதான் தேட வேண்டும்.

ஐந்தாம் படி: ஆயில் எங்கே போகிறது

இரவில் காரின் அடியில் பெரிய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் விழுந்திருக்கும் சொட்டின் இடம் கசிவைக் காட்டும்: டேப்பட் கவர் பேக்கிங், ஆயில் ஃபில்டர், வடிகால் போல்ட்டின் வாஷர், கிராங்க் சீல். மேலிருந்து வழிந்து கீழே சொட்டுவதும் உண்டு. அதனால் டார்ச் அடித்து மேல்நோக்கித் தேடுங்கள்.

அட்டை சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் ஆயில் எரிகிறது. புகையைப் பாருங்கள். காலையில் கிளப்பியதும் ஒரு கணம் நீலப் புகை வந்து நின்றால் வால்வு சீல். ஏற்றத்தில் முடுக்கும்போது நீலமாக வந்தால் ரிங். டீசல் வண்டியில் டர்போவும் காரணமாகலாம். குளிர் காலையில் சில நிமிடங்கள் வந்து மறையும் வெண்புகை வெறும் நீராவி. என்ஜின் சூடான பிறகும் அடர்ந்த வெண்புகை நிற்காவிட்டால் கூலன்ட் எரிகிறது. கொஞ்சம் ஆயில் எரிவது இயல்பே. சில நிறுவனங்களின் கையேடுகள் 1,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் வரைகூட ஏற்கின்றன.

பணிமனையில் என்ன கேட்பது

குச்சியில் குழம்பு இருந்தாலோ கூலன்ட் குறைந்தாலோ காரை இழுத்துச் செல்லச் சொல்லுங்கள். ஹெட்டைத் தொடுவதற்கு முன் மூன்று சோதனைகளைக் கேளுங்கள்: கூலிங் அமைப்பின் அழுத்தச் சோதனை, கூலன்டில் எரிந்த வாயு இருந்தால் நீலத்திலிருந்து மஞ்சளாகும் திரவச் சோதனை, சிலிண்டர்களுக்குள் அழுத்தம் சரியாக ஏறுகிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனை. ஒவ்வொன்றின் முடிவையும் எழுதி வாங்குங்கள். ஹெட்டை இறக்கினால், அது வளைந்திருக்கிறதா என்று அளந்து பார்த்த பிறகே புது கேஸ்கெட் போட வேண்டும்.

எந்தக் காரணமாக இருந்தாலும், சரிசெய்த பின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். கூலன்ட் கலந்திருந்த என்ஜினில் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை மாற்ற வேண்டும். முதல் முறை வடிக்கும்போது கழிவு முழுவதும் வந்துவிடாது.