முகத்துவாரத்தில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

சிறுபடகோடு புதிதாக வருகிறவர்களைப் பார்க்கிறேன். எங்கள் காலத்துத் தவறுகள் ஒன்றுகூட மாறவில்லை. எரிபொருள் பார், மிதவைச் சட்டை போடு என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

வற்ற நேரத்தை அட்டவணையில் பார்த்து நுழைவது

இதுதான் இன்னும் எரிச்சலூட்டுகிறது. வற்றம் (கடல்மட்டம் மிகத் தாழும் நேரம்) காலை 10 மணிக்கு என்றிருந்தால், அப்போது நீரோட்டமும் நின்றுவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள். நிற்காது. அட்டவணை சொல்வது கடல்மட்டத்தின் உயரத்தை, முகத்துவாரத்தின் வாய் வழியாக ஓடும் நீரின் வேகத்தை அல்ல. உள்ளே பெரிய காயல் இருந்து வாய் குறுகலாக இருந்தால், வெளியே கடல் முழுக்க வற்றிய நேரத்திலும் உள்ளே நீர்மட்டம் உயர்ந்தே இருக்கும். அந்த வித்தியாசம் நீரைக் கடலுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். அடங்க இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம். ஆறு பெருகியிருந்தால் அதற்கும் மேலே.

வெளியேறும் நீரில் எதிர்வரும் அலை மோதினால் அலை நீளம் சுருங்கி உயரம் கூடும், முகம் செங்குத்தாகும். மணல்திட்டின்மேல் ஆழம் மிகக் குறைவான நேரமும் அதுவே. ஆழம் அலை உயரத்தின் 1.3 மடங்கு அளவுக்குக் குறையும்போது அலை உடையும். ஒன்றரை மீட்டர் அலைக்கு 2 மீட்டர் ஆழம் போதாது.

ஒருவர் கைபேசியை நீட்டி, "அண்ணே, இப்பத்தான் வத்தம் முடிஞ்சுது, தண்ணி நின்னிருக்கும்" என்றார். வாயில் கட்டியிருந்த மிதவை கடல் பக்கம் சாய்ந்து நுரை தள்ளிக்கொண்டிருந்தது. அதைக் காட்டினேன். அவர் கைபேசியைத்தான் நம்பினார். முன்கண்ணாடி உடைந்து, முழங்காலளவு தண்ணீரோடு வெளியே கிடந்து, மதியத்துக்குமேல், கடல்மட்டம் உயரும் ஏற்றத்தில் உள்ளே வந்தார்.

மிதவையைப் பாருங்கள், நட்ட கம்பத்தைப் பாருங்கள். உங்கள் வாயில் ஓட்டம் எவ்வளவு தாமதமாக நிற்கிறது என்பதைக் கரையில் உட்கார்ந்தே தெரிந்துகொள்ளலாம். நுழைய நல்ல நேரம் ஏற்றத்தின் கடைசிப் பகுதி. ஆழம் இருக்கும், ஓட்டமும் அலையும் ஒரே திசையில் போகும்.

கடலிலிருந்து பார்த்து "சின்ன அலைதான்" என்பது

நீங்கள் பார்ப்பது அலையின் முதுகை, உடையும் முகம் கரைப் பக்கம் இருக்கும். பெரிய அலைகள் கூட்டமாகத்தான் வரும். வெளியே நின்று சில கூட்டங்கள் கடந்துபோவதைப் பாருங்கள்.

அலையை முந்துவது

2 மீட்டர் ஆழத்தில் அலை மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அதன் முதுகிலேயே அதே வேகத்தில் ஓட்ட வேண்டும். உச்சியைத் தாண்டி இறங்கினால் பின்பக்கம் தூக்கி, அணியம் (படகின் முன்முனை) நீரில் குத்தி, படகு குறுக்கே திரும்பிக் கவிழும். மெதுவாகப் போனால் பின்அலை ஏறிவிடும். அந்த வேகம் வராத படகு என்றால் அலை உடையாத நேரம் வரும்வரை வெளியே காத்திருக்க வேண்டியதுதான்.

பாதி வழியில் திரும்புவது

கூடாது.

பழைய ஜிபிஎஸ் தடம்

ஒரு புயலில் மணல் இடம் மாறிவிடும்.

நங்கூரம் பெட்டிக்குள் இருப்பது

எஞ்சின் நின்றபின் தேட நேரமிருக்காது. நுழையுமுன் முன்பக்கத்தில் தயாராக வையுங்கள். கயிற்றின் மறுமுனை படகில் கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், கட்டாமல் எறிந்தவரைப் பார்த்திருக்கிறேன்.