ஊரில் இலவசக் கண் முகாம் போடப் போகிறீர்களா?

பந்தலும் டீயும் ஏற்பாடு செய்தால் போதும், மற்றதை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்துத்தான் பல ஊர்களில் ஆரம்பிக்கிறார்கள். பரிசோதனையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், சரி. ஆனால் ஆள் வர வேண்டுமே? மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை தொடர்பான ஆய்வு ஒன்று 1999-இல் வெளிவந்தது. முகாம் நடந்த கிராமங்களில் கண் கோளாறு இருந்தவர்களில் 100-க்கு 7 பேர் அளவில்தான் முகாமுக்கே வந்திருந்தார்கள். பயம், கூட வர ஆளில்லை, கூலி போய்விடும், "இந்த வயசுக்கு மேல பார்த்து என்ன ஆகப்போகுது" என்று காரணம் ஆளுக்கு ஒன்று இருக்கும். அதையெல்லாம் உடைப்பதுதான் நம் வேலை.

முதலில் மருத்துவமனையின் முகாம் பிரிவில் கடிதம் கொடுங்கள். எதெல்லாம் இலவசம் என்று நோட்டீஸ் அடிப்பதற்கு முன்பே தெளிவாகக் கேட்டுவிடுங்கள்: கண்புரை ஆபரேஷன், அதில் கண்ணுக்குள்ளே வைக்கும் லென்ஸ், சாப்பாடு, போக வர பஸ், சொட்டு மருந்து. கண்ணாடிக்குப் பணம் உண்டா என்பதையும் கேளுங்கள், தகராறு வருவது பெரும்பாலும் அங்கேதான். முகாமில் பரிசோதனை மட்டும்தான், ஆபரேஷன் மருத்துவமனைத் தியேட்டரில். பள்ளிக்கூடத்திலேயே செய்துவிடுகிறோம் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

தேதி குறிக்கும்போது முகூர்த்த நாள், அறுவடை, கோயில் கொடை எல்லாவற்றையும் தள்ளிப் பாருங்கள். இடத்துக்குப் பள்ளிக்கூடம் வசதி. பார்வை பார்க்க 20 அடி நீளம் வேண்டும், ஓர் அறையை இருட்டாக்க முடிய வேண்டும், படி அதிகம் இல்லாமல் இருந்தால் நல்லது.

விளம்பரத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். கண் தெரியாதவருக்கு நோட்டீஸ் அடித்து என்ன பயன்? முந்தின நாள் ஆட்டோவில் மைக் கட்டிச் சுற்றுங்கள், ரேஷன் கடையிலும் பால் சொசைட்டியிலும் 100 நாள் வேலை நடக்கும் இடத்திலும் நேரில் போய்ச் சொல்லுங்கள். அதைவிட, மகளிர் குழுப் பெண்களிடம் தெருவைப் பிரித்துக் கொடுத்தால் வீடு வீடாகப் போய், "பாட்டி, அரிசியில கல்லு தெரியுதா? பஸ் போர்டு படிக்க முடியுதா?" என்று கேட்டுப் பெயர் எழுதி வந்துவிடுவார்கள், அந்தப் பட்டியல்தான் உங்கள் முகாம். சர்க்கரை உள்ளவர்களையும் அதில் சேருங்கள், பார்வை நன்றாக இருந்தாலும்கூட. விழித்திரை கெடுவது ஆரம்பத்தில் அவர்களுக்கே தெரியாது.

வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு வரட்டும். தினமும் போடும் மாத்திரைகள், ஆதார் நகல், பிள்ளைகளின் போன் நம்பர், மாற்றுத்துணி இவை கையில் இருக்க வேண்டும். மாற்றுத்துணி எதற்கு என்றால், புரை முற்றியிருக்கிறது என்று தேர்வானவர்களைப் பெரும்பாலும் அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவார்கள். "மகன்கிட்ட கேட்டுட்டு அடுத்த தடவை வர்றேன்" என்று தாத்தா நழுவுவது இந்த நேரத்தில்தான். அதனால் வீட்டாரின் சம்மதத்தைப் பட்டியல் எடுக்கும்போதே வாங்கிவிடுங்கள். ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்ட உள்ளூர்க்காரர் ஒருவரை பஸ் பக்கத்தில் உட்கார வைத்துப் பேச விடுங்கள், டாக்டர் சொல்வதைவிட அவர் சொன்னால் எடுபடும். தெரிந்த ஆள் ஒருவர் அதே பஸ்ஸில் கூடப் போனால் இன்னும் தைரியமாக ஏறுவார்கள். சர்க்கரையோ பிரஷரோ அதிகம் என்று சிலரைத் திருப்பி அனுப்புவார்கள். அதற்குச் சண்டை போட வேண்டாம், குறைத்துக்கொண்டு அடுத்த முகாமுக்கு வரச் சொல்லுங்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் வேலை இருக்கிறது. சொட்டு மருந்தை மருத்துவமனையில் சொன்ன நாள் வரை, பொதுவாக ஒரு மாதத்துக்கு மேல், விடாமல் போட வேண்டும். கண்ணைக் கசக்கக் கூடாது, அவர்கள் சொல்லும்வரை தலைக்கு ஊற்றக் கூடாது, விறகடுப்புப் புகையில் உட்காரக் கூடாது. வலி, சிவப்பு, திடீரென்று பார்வை மங்கல் என்றால் காலையில் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போன் செய்யச் சொல்லுங்கள், அந்த நம்பரை வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி வைப்பது நல்லது.

அப்புறம் மறுபரிசோதனை. சுமார் ஒரு மாதம் கழித்து மருத்துவமனைக்காரர்கள் அதே இடத்துக்கு வருவார்கள், கண்ணாடி பவர் பார்ப்பது அன்றைக்குத்தான். ஆபரேஷன் ஆனவர்கள் "அதான் நல்லா தெரியுதே" என்று வராமல் இருந்துவிடுவார்கள், ஆகவே அன்று காலையும் அதே பட்டியலோடு தெருவில் ஒரு சுற்றுப் போய்விடுங்கள்.