கை உடைந்த கண்ணன்: உடையும் பொருளை இணையத்தில் விற்பவர்களுக்கு ஐந்து படிகள்

இரவு பத்தரை மணிக்குத் தொலைபேசியில் ஒரு படம் வந்து விழுகிறது. புல்லாங்குழல் பிடித்திருந்த கை மணிக்கட்டோடு போய்விட, ஒன்றுமே நடக்காததுபோல் சிரித்துக்கொண்டு நிற்கிறான் கண்ணன். கீழே ஒரே வரி: "இப்படித்தான் வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்."

சிங்கப்பூரின் ஈசூனில் என் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டிலிருந்து கொலு பொம்மைகளும் அகல் விளக்குகளும் விற்கிறேன். பண்ருட்டியிலிருந்து கடல் கடந்து முழுதாக வந்த பொம்மை, ஈசூனிலிருந்து செங்காங் போவதற்குள் உடைந்துவிடுவது உண்டு. முதல் ஆண்டில் இப்படிப்பட்ட புகார் வந்தால் ஒன்று, பயந்துபோய் அந்த நிமிடமே பணத்தை அனுப்பிவிடுவேன். இல்லையென்றால், "நான் நன்றாகத்தான் கட்டி அனுப்பினேன்" என்று மல்லுக்கு நிற்பேன். இரண்டிலும் உடைந்த பொருளை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. கரோசல், ஷாப்பீ போன்ற தளங்களில் இப்போதுதான் விற்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொலுவுக்கு ஒற்றைப்படையில் படி கட்டுவதுதான் வழக்கம், அதனால் இங்கும் ஐந்து.

முதல் படி: கட்டும்போதே சாட்சி

புகார் வந்த பிறகு சான்று தேடினால் கிடைக்காது. பொம்மையை நான்கு பக்கமும் படம் எடுங்கள். பிறகு விரல், மூக்கு, புல்லாங்குழல், மயிலிறகு என்று எளிதில் போகக்கூடிய இடங்களைக் கிட்டத்தில் எடுங்கள். அடிப்பாகத்தில் பென்சிலால் சிறிதாக ஓர் எண் எழுதி அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேறொரு பழைய பொம்மையின் படத்தை யாராவது அனுப்பினால் அந்த எண் காட்டிக் கொடுத்துவிடும். இதுவரை எனக்கு ஒரே ஒரு முறைதான் அது தேவைப்பட்டது, ஆனால் அந்த ஒரு முறை போதும்.

பொம்மையைப் பெட்டியில் வைப்பதிலிருந்து டேப் ஒட்டி முடிக்கும்வரை இடையில் நிறுத்தாமல் காணொளி எடுங்கள். கடைசியில் முகவரி தெரியும்படி சமையலறைத் தராசில் பெட்டியை வைத்து ஒரு படம்.

கட்டும் முறைக்கு வருவோம். தூக்கிய கையைச் சுற்றியுள்ள இடைவெளியை முதலில் மெல்லிய தாளால் அடைத்துவிட்டு, அதற்கு மேல்தான் பபிள் ராப் சுற்ற வேண்டும். நேரடியாக இறுக்கிச் சுற்றினால் அந்த இறுக்கமே கையை ஒடித்துவிடும். பிறகு சிறிய பெட்டி, அதற்கு வெளியே பெரிய பெட்டி. இரண்டுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் மூன்று விரல் இடைவெளி விட்டு, கசக்கிய செய்தித்தாளைத் திணியுங்கள். பழைய தமிழ் முரசு இதற்கு அருமையாகப் பயன்படுகிறது. மூடியபின் குலுக்கினால் எந்தச் சத்தமும் வரக்கூடாது. நம் ஊர் ஈரக்காற்றில் பழைய அட்டைப்பெட்டி நமத்துப்போயிருக்கும். மூலையைக் கட்டைவிரலால் அழுத்தும்போது உள்வாங்கினால் அந்தப் பெட்டி வேண்டாம். 'உடையும் பொருள்' என்ற சீட்டை நானும் ஒட்டுகிறேன், ஆனால் அதை நம்பிக் கட்டுவதில்லை.

இரண்டாம் படி: முதல் பதில்

செய்தி வந்த அன்றே பதில் போடுங்கள், அதுவும் அந்தத் தளத்தின் உரையாடல் பெட்டியிலேயே. வாட்ஸ்அப்புக்குப் போனால் பிறகு தளத்திடம் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. நான் அனுப்புவது இது:

"வணக்கம். ஆசையாக வாங்கிய பொம்மை இப்படி வந்ததற்கு வருந்துகிறேன். பெட்டியையும் உள்ளே இருந்த தாளையும் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். பெட்டியின் எல்லாப் பக்கங்கள், முகவரிச் சீட்டு, உடைந்த துண்டுகள் அனைத்தும், பொம்மையின் அடிப்பாகம் ஆகியவற்றைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? பார்த்துவிட்டு நாளைக்குள் முடிவு சொல்கிறேன்."

"நீங்கள் கீழே போட்டுவிட்டீர்களா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும் அந்தக் கேள்விக்குப் பிறகு பேச்சு நகராது.

மூன்றாம் படி: உடைப்பைப் படிப்பது

பெட்டியின் மூலை நசுங்கி, அதே பக்கத்தில் பொம்மையும் உடைந்திருந்தால் வழியில் அடிபட்டிருக்கிறது. பெட்டியில் கீறல்கூட இல்லாமல் உள்ளே மட்டும் உடைந்திருந்தால் முதலில் நீங்கள் கட்டிய விதத்தைச் சந்தேகியுங்கள். வாங்கியவரை அதற்கப்புறம் சந்தேகிக்கலாம்.

மண் பொம்மை உடைந்த இடத்தைப் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். புதிய உடைப்பு ஒரே நிறமாக, விளிம்பு கூராக இருக்கும். பழைய உடைப்பில் அழுக்கு ஏறி விளிம்பு மழுங்கியிருக்கும். ஏற்கெனவே ஒட்டி மறுபடி விட்டதென்றால் பசை மினுமினுக்கும். துண்டுகளை எண்ணிப் பார்ப்பதும் முக்கியம். பெட்டிக்குள்ளேயே உடைந்த புல்லாங்குழல் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். காணோம் என்றால், தாள்களை உதறிப் பார்க்கும்படி பணிவாகக் கேளுங்கள். பாதிப் பேருக்கு அதில் கிடைத்துவிடும்.

தொடக்கத்தில் சொன்ன, செங்காங் போன கண்ணனின் பெட்டி புதுப்பெட்டிபோல் இருந்தது. எனக்கு உடனே சந்தேகம் வந்தது. பதில் எழுதுவதற்கு முன் என் காணொளியைப் போட்டுப் பார்த்தேன். மூடியை நான் அழுத்தும் இடத்தில் கண்ணனின் முழங்கை உள்பெட்டியின் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது. மூடி அமுங்குகிறது, நான் டேப் ஒட்டுகிறேன். வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே அந்தக் கை ஒடிந்திருக்க வேண்டும்.

நான்காம் படி: என்ன கொடுப்பது?

வாங்கியவர் எதை விரும்புகிறார் என்று கேட்டுவிடுங்கள். பணம் என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். நவராத்திரிக்கு நான்கு நாள் இருக்கும்போது அவருக்கு வேண்டியது பொம்மை. பாதிப் பணம் தருகிறேன் என்று பேரம் பேசுவதும் சாமி பொம்மையில் எடுபடாது, பின்னமானதைப் படியில் வைக்கப் பலர் விரும்புவதில்லை. செட்டியார் பொம்மையின் பின்னால் ஒரு கீறல் என்றால் விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும். அகல் விளக்கு அனுப்பும்போது டஜனுக்கு இரண்டு கூடுதலாகவே வைத்துவிடுகிறேன், புகாரே வருவதில்லை.

பத்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) விலையுள்ள பொருளைத் திருப்பி அனுப்பச் சொல்லாதீர்கள், அஞ்சல் செலவு அதை விழுங்கிவிடும். விலை அதிகம் என்றால், திரும்ப வரும் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டு கேளுங்கள்.

பணத்தைத் தளத்தின் வழியாகவே திருப்புங்கள். பேநௌ (கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்பும் வங்கிச் சேவை) வழியாக வந்திருந்தால், வந்த அதே கணக்குக்கே போக வேண்டும். "என் தங்கையின் எண்ணுக்கு அனுப்புங்கள்" என்றால் கூடாது. பணத்தைத் திருப்ப ஓர் இணைப்பைத் தட்டச் சொன்னால் தட்டாதீர்கள். மோசடியோ என்று ஐயம் வந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணில் கேட்கலாம்.

கூரியர் நிறுவனத்திடம் இழப்பீடு கேட்பது தனிக் கதை. கண்ணாடி, மண், பீங்கான் பொருள்களுக்கு இழப்பீடு இல்லை என்று பல நிறுவனங்களின் விதிகளிலேயே இருக்கும். அதை அனுப்பும் முன் படியுங்கள். அங்கிருந்து பணம் வரட்டும் என்று வாங்கியவரைக் காக்க வைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: ஒத்துவராவிட்டால்

தளத்திலேயே தகராறைப் பதிவு செய்து முதல் படியில் எடுத்ததையெல்லாம் கொடுங்கள். ஒவ்வொரு தளமும் இதற்குக் காலக்கெடு வைத்திருக்கிறது. வாங்கியவர் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்கும் போகலாம். அங்கே 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை இரண்டு ஆண்டுக்குள் தொடுக்கலாம், வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது. வியாபாரமாக விற்பவர்கள் 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த, குறையுள்ள பொருள்கள் பற்றிய 'லெமன்' சட்டத்தையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கொடுத்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, பொதுவாகக் கொடுத்தபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்டுவது விற்றவரின் பொறுப்பு. வீட்டில் கிடந்ததை ஒருவர் இன்னொருவருக்கு விற்பதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

செங்காங் அக்காவிடம் தவறு என்னுடையதுதான் என்று எழுதிவிட்டு, நவராத்திரிக்கு இரண்டு நாள் முன்பு வேறொரு கண்ணனை மடியில் வைத்துக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் போய்க் கொடுத்தேன். பழையவனைத் திரும்ப வாங்கிவந்து கையை ஒட்டிவிட்டேன். இப்போது புதிய அளவில் அட்டைப்பெட்டி வாங்கினால் முதலில் அவனைத்தான் உள்ளே வைத்துக் குலுக்கிப் பார்க்கிறேன். போன வாரம் மூக்கு போயிற்று, அந்தப் பெட்டிகளைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.