குவைத்தில் முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையா? முதலில் விசாவைப் பாருங்கள்

திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கம் ஆள் பிடிக்க வருபவர் சம்பளத்தில்தான் பேச்சைத் தொடங்குவார். நீங்கள் விசாவில் தொடங்குங்கள். குவைத்தில் வீட்டு வேலைக்கு 20-ஆம் எண் விசா. கத்தாமா விசா என்பார்களே, அதுதான். 18-ஆம் எண் கம்பெனி வேலைக்கு. "இப்போ விசிட் விசால போங்க, அங்கே மாத்திக்கலாம்" என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். விசிட்டில் போனவருக்கு வேலை ஒப்பந்தம் இல்லை. சம்பளம் நின்றால் தூதரகத்தில் நீட்ட ஒரு காகிதமும் இருக்காது.

பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஈ.சி.ஆர். வகை, அதாவது குடியேற்றச் சோதனை தேவைப்படும் வகை. அதை வைத்துக்கொண்டு குவைத், சவுதி, ஓமன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி வேண்டும்; வீட்டு வேலை என்றால் பெண்ணுக்கு 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். வயது குறைவென்றால் ஆதாரை மாற்றித் தருகிறேன் என்பார்கள். பள்ளி டிசியில் ஒரு தேதி, ஆதாரில் வேறு தேதி என்றால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான், ஏஜென்ட் அல்ல.

2016 ஆகஸ்டிலிருந்து ஈ.சி.ஆர். பெண்களை அரசு நிறுவனங்கள் வழியாகவே அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் அது சென்னையிலுள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். பத்தாவது தேறியவர் தனியார் ஏஜென்சிக்குப் போகலாம். உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். லட்சம் கேட்டால் அதற்காகத் தாலிக்கொடியை அடகுக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

விசாவுக்கான மெடிக்கல் பரிசோதனையில் நெஞ்சு எக்ஸ்ரேதான் பலரைத் திருப்பி அனுப்புகிறது. பழைய காசநோய் ஆறிய தழும்புக்கும் 'அன்ஃபிட்' போடுவார்கள். எப்போதாவது அந்த மருந்து சாப்பிட்டிருந்தால், பணம் கட்டும் முன்பே உள்ளூரில் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் 'வீட்டுப் பணியாளர்' என்று மட்டும் இருக்கும். அதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். பெரியவர் எழுந்து நடப்பவரா, படுத்த படுக்கையா? தூக்கி உட்கார வைக்க, துணைக்கு இன்னொரு ஆள் உண்டா? இன்சுலின் யார் போடுவது? இரவில் எத்தனை முறை எழ வேண்டும்? வீட்டில் மொத்தம் எத்தனை பேருக்குச் சமையல்? படுக்கையில் இருப்பவரையும் பார்த்து, பத்துப் பேருக்கும் பொங்கிப் போடுவது ஒருத்தியால் ஆகாது. ஆறு மாதத்தில் இடுப்பு போய்விடும். பதில்களை எழுத்தில் வாங்குங்கள்.

குவைத்தின் 2015-ஆம் ஆண்டு 68-ஆம் எண் சட்டப்படி ஒரு நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அதற்குள் ஓய்வும் தர வேண்டும். சம்பளத்தோடு வார விடுமுறை, ஆண்டு விடுமுறை உண்டு. முடித்துக்கொண்டு திரும்பும்போது, வேலை பார்த்த ஆண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதச் சம்பளம் சேர்த்துத் தர வேண்டும். ஆட்களை வரவழைக்கும் செலவு வேலைக்கு வைப்பவருடையது. உங்கள் சம்மதமின்றி கஃபீல், அதாவது உங்களை வேலைக்கு வைத்த முதலாளி, பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கவும் முடியாது.

ஈ.சி.ஆர். அனுமதியோடு பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் எடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம்.

விமானம் ஏறும் முன் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றையும் நகலெடுத்து, வீட்டில் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். கஃபீலின் பெயர், போன் நம்பர், சிவில் ஐ.டி. (குவைத் அடையாள அட்டை) எண் ஆகியவற்றையும் அதிலேயே எழுதி வையுங்கள். போன் வராமல் போனால், வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற புகார்த் தளத்தில் வீட்டார் புகார் பதியும்போது கேட்கப்படும் விவரங்கள் இவைதான்.